நாப்பத்து மூணைத் தாண்டாத ஊர்

அந்தப் பேப்பரைச் சித்தெ பைக்குள்ள வெய்யுங்க மேடம். கையெழுத்து எங்கயும் ஓடிப் போயிராது. காலையில பஸ் ஏறி இத்தனை தூரம் வந்திருக்கீங்க, மொதல்ல மோரைக் குடிங்க. உப்பு எச்சா இருந்தாச் சொல்லுங்க, எங்கூட்டுக்காரம்மா ஒண்ணும் நெனச்சுக்க மாட்டா.

பேப்பர்ல என்ன போட்டிருக்குதுன்னு படிச்சனுங்க. எழுபத்தாறு வயசுலயும் கண்ணாடி இல்லாமப் படிச்சேன். 'கரட்டுப்பாளையம் வானிலை நிலையத்தில் 1989 முதல் 2008 வரை பொறுப்பாளராக இருந்த சென்னியப்பன் ஆகிய நான், அதிகபட்ச வெப்ப அளவுகளை மாற்றி எழுதினேன் என்று ஒப்புக்கொள்கிறேன்.' ஒப்புக்கொள்கிறேன். ஆட்டுத் திருடன் கிட்ட போலீஸ்காரன் எழுதி வாங்கற மாதிரி இருக்குதுங்க.

நீங்க சொன்னது எனக்குப் புரியாம இல்லீங்க. தேசிய வானிலை நிறுவனத்துல பருவநிலை ஆராய்ச்சிப் பிரிவுல இருக்கீங்க. நாடு பூரா பழைய நிலையங்கள்ல இருக்கற ரிஜிஸ்டரை எல்லாம் வாங்கி, பக்கம் பக்கமா கம்ப்யூட்டர்ல ஏத்தி, நூறு வருஷத்துல எந்த ஊரு எவ்வளவு சூடாயிருக்குதுன்னு கோடு போடறீங்க. அந்தக் கோட்டை வெச்சுத்தான் எத்தனை டிகிரிக்கு மேல போனா ஸ்கூலுக்கு லீவு உடறது, செங்கச் சூளையில எத்தனை மணிக்கு வேலைய நிறுத்தச் சொல்றதுன்னு இனிமே முடிவு பண்ணுவாங்க. நல்ல காரியம். ஆனா எங்க நிலையத்தோட நூத்திப் பத்து வருஷத்துல வெள்ளைக்காரன் எழுதினதை வெச்சுக்குவாங்களாம், அவனுக்குப் பொறகு வந்தவன் எழுதினதை வெச்சுக்குவாங்களாம், சென்னியப்பன் எழுதின பத்தொம்பது வருஷத்தை மட்டும் தூக்கிக் கடாசிருவாங்களாம். வெள்ளிக்கிழமை கமிட்டியாம். இன்னைக்குப் புதன் ஆச்சுங்க.

மாத்தினது எது எதுன்னு நான் சொல்லிட்டா மத்த நாளெல்லாம் நிக்கும்ங்கறீங்க. சொல்லலைன்னா ஒட்டுக்காப் போயிரும்ங்கறீங்க. ஆறாயிரத்துத் தொள்ளாயிரம் நாளுங்க மேடம். காய்ச்சல்லயும் போயிருக்கேன். பந்த் அன்னைக்கும் நடந்து போயிருக்கேன். என்ற மூத்த பொண்ணு கல்யாணத்தன்னைக்கு, பட்டு வேட்டியோட எட்டேகாலுக்கு எந்திரிச்சு ஓடி, எட்டரை ரீடிங் எடுத்துட்டு வந்துதான் தாரை வாத்தேன். மாப்பிள்ளை வூட்டுக்காரங்க இன்னைக்கும் அதைச் சொல்லிக் காட்டறாங்க. அப்பேர்ப்பட்டவனைப் பாத்துத்தான் மாத்தினயான்னு கேக்கறீங்க.

நான் மாத்தலைங்க. சரி பண்ணினேன். ரெண்டும் வேற வேற.

இருங்க, கோவிச்சுக்காதீங்க. மொதல்ல இருந்து சொல்றேன். இப்ப நீங்க மெஷின் வெச்சிருக்கீங்க, அதுவே படிச்சு அதுவே அனுப்பிருது. எங்க காலத்துல எல்லாம் கண்ணுதான். வேலிக்கு நடுவுல நாலு கால்ல வெள்ளைப் பெட்டி நிக்கும். வெயில் உள்ள போகாம, காத்து மட்டும் போற மாதிரி பக்கமெல்லாம் சாய்வாப் பலகைச் சட்டம் வெச்சது. உள்ள ஒரு தெர்மாமீட்டர் படுத்துக் கெடக்கும். பகல்ல சூடு ஏற ஏறப் பாதரசம் ஏறிப் போய் உச்சியில நின்னுக்கும். பொழுது சாஞ்சாலும் அது இறங்காது. நாம போய்க் கண்ணை நேருக்கு நேரா வெச்சுப் படிக்கணும். அரை டிகிரிக்கு ஒரு கோடுதான் இருக்கும், நடுவுல இருக்கறதைக் கண்ணாலதான் பிரிக்கணும். படிச்சு முடிச்சு டாக்டர் உதறற மாதிரி உதறிட்டா பாதரசம் கீழ போயிரும். உதறிட்டா அன்னைக்குச் சூடு போச்சு. அது எங்க நின்னுச்சுன்னு பாத்தவனைத் தவிர உலகத்துல ஒருத்தனுக்கும் தெரியாது.

அதைக் கைநோட்டுல குறிச்சு, மாசக் கடைசியில பெரிய ரிஜிஸ்டர்ல நல்லாப் பாத்து எழுதி மேலாபீசுக்கு அனுப்பணும். என்ற கையெழுத்தைப் பாத்தீங்கல்ல? அடிச்சுத் திருத்தினது ஒண்ணு உண்டுங்களா அந்த ரிஜிஸ்டர்ல? மத்த ஊருக்கெல்லாம் மேலாபீசுல இருந்து அது என்ன இது என்னன்னு கேள்வி வரும். கரட்டுப்பாளையத்துக்கு வராது. 'உங்க நிலையத்தைப் பாத்து மத்தவங்க கத்துக்கணும்'னு எழுதின லெட்டர் ஒண்ணு பீரோவுல இருக்குது. அப்பறமாக் காட்டறேன்.

அந்தக் கோட்டை மறுக்காக் காட்டுங்க. இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினஞ்சுங்களா? சரி. ஏறுது, இறங்குது, ஏறுது. இது என்ற காலம். ஆமா, மேல தட்டையாத்தான் இருக்குது. கொத்தனார் மட்டப்பலகை வெச்சுத் தேச்ச மாதிரி இருக்குது, ஒத்துக்கறேன். பத்தொம்பது வருஷத்துல ஒரே ஒரு நாள் போக ஒரு நாள் கூட நாப்பத்து மூணைத் தாண்டலை. அதுக்கு அக்கட்டால, மெஷின் வந்த மொத வருஷமே ஆறு நாள் தாண்டியிருக்குது. அடுத்த வருஷம் ஒம்போது நாள்.

இதுல என்னங்க சந்தேகம்? நான் ரிட்டையர் ஆனதுக்கு அப்பறம் ஊர் கெட்டுப் போச்சு. ஏரிக்கரையில இருந்த புளிய மரத்தை எல்லாம் ரோட்டுக்காக வெட்டிப் போட்டான். எங்க பாத்தாலும் தகரக் கொட்டாய். நான் இருந்தவரைக்கும் ஒழுங்கா இருந்துச்சு.

சிரிக்கறீங்க. சிரிங்க.

பக்கத்து நிலையத்துல அந்த வருஷமெல்லாம் தாண்டியிருக்குதுங்கறீங்க. அவங்க எப்படிப் படிச்சாங்களோ, அதை அவங்களைத்தான் கேக்கணும். எனக்கு என்ற பெட்டி.

ரிஜிஸ்டர் ஓரத்துல இருக்கற அந்தப் பென்சில் பொட்டு விசயத்துக்கு வாங்கன்னு சொல்றீங்க. வரனுங்க, வராம எங்க போறேன். ஆனா அதுக்கு அந்தப் புஷ்பலீலாவைப் பத்திச் சொல்லணும். சொன்னா எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும், எங்கூட்டுக்காரம்மா உங்களைத்தான் வைவா.

ரெண்டாயிரத்து ரெண்டுல மார்த்தாண்டம் பக்கத்துல இருந்து மாத்தலாகி வந்துச்சு அந்த அம்மிணி. எனக்குக் கீழ ரெண்டாவது ஆளு. நாப்பது வயசு இருக்கும். வேலை சுத்தம், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா ஒரு பழக்கம். ரிஜிஸ்டர் ஓரத்துல 'குறிப்பு'ன்னு ஒரு கட்டம் இருக்குமுங்க. பதிமூணு வருஷமா அது சுத்தமா வெள்ளையா இருந்துச்சு. குறிப்புன்னு ஒண்ணு எழுதினாலே அங்க ஏதோ கோளாறுன்னுதானே அர்த்தம். இந்த அம்மிணி வந்த மொத மாசமே அதுல எழுதித் தள்ளிருச்சு. 'வேலியை ஒட்டி லாரி நின்றது.' 'பெட்டியின் பெயின்ட் உரிந்துள்ளது.' 'மேற்கே குடோன் சுவர் இருபது அடியில் உள்ளது.' அட, சுவர் எங்க இருக்குதுன்னு அதைக் கட்டினவனுக்குத் தெரியாதா? அது தொண்ணூத்தாறுல கட்டினது. நான் எழுதினனா?

என்னது? அது வேணுங்களா உங்களுக்கு? சுவர் வந்த வருஷமா?

சுவரால ஏறின சூடு எவ்வளவு, ஊர்ல நெசமா ஏறின சூடு எவ்வளவுன்னு பிரிக்கறதுக்கா. அப்ப அந்த அம்மிணி எழுதின குறிப்புதான் உங்களுக்குப் பிரயோசனம், என்ற வெள்ளைக் கட்டம் பிரயோசனமில்லை. கெரகம்.

சரி, எழுதிக்கங்க, தொண்ணூத்தாறு, ஐப்பசி மாசம். கான்ட்ராக்டர் பேரு வேணுமா?

பொட்டுக்கு வர்றேன். ரெண்டாயிரத்து மூணு, மே மாசம். கத்திரி. காத்தே இல்லை. அன்னைக்கு மத்தியானம் எங்கூட்டுக் கோழி ஏழு ஒட்டுக்காச் செத்துப் போச்சு, ஏதோ சீக்கு. அந்த வெசனத்துலயே நான் ஆபீசுக்குப் போனேன். அஞ்சரை ரீடிங் அந்த அம்மிணியோட முறை. நான் உள்ள உக்காந்து தபால் பாத்துட்டு இருக்கேன். வந்து நின்னு, 'சார், நாப்பத்து நாலு புள்ளி எட்டு'ன்னு சொல்லுது. அம்பது வருஷத்துல கரட்டுப்பாளையம் பாக்காத சூடு. 'கண்ணைத் தொடச்சுட்டு மறுக்காப் படிச்சுட்டு வா'ன்னேன். 'மூணு தடவை படிச்சாச்சு சார்'ங்குது.

நான் எந்திரிச்சுப் போய்ப் பாக்கறதுக்குள்ள உதறிப் போட்டிருச்சுங்க. பெட்டியத் தெறந்தா பாதரசம் கீழ கெடக்குது. நான் எதை வெச்சு நம்பறது? பொறுப்பாளர் பாக்கறதுக்கு முந்தி உதறினது தப்பா இல்லையா, நீங்களே சொல்லுங்க. ரிஜிஸ்டர்ல நாப்பத்து ரெண்டு புள்ளி ஆறுன்னு நான் எழுதினேன். அந்த அம்மிணி மேல ஒரு ரிப்போர்ட்டும் எழுதினேன். கவனக்குறைவு, சரிபாக்கறதுக்கு முன்னாடி கருவிய உதறினது. மெமோ வந்துச்சு. அடுத்த வருஷம் மாத்தலும் வந்துச்சு. நான்தான் தாட்டி உட்டேன்னு ஆபீசுல எல்லாரும் பேசிக்கிட்டாங்க, பேசிட்டுப் போறாங்க.

அதுக்கு நடுவுல பதினாலு மாசம் ஒரே ரூமுல உக்காந்திருந்தோம். ஒரு சண்டை இல்லை. எதுத்துப் பேசலை. மாசக் கடைசியில நான் ரிஜிஸ்டர் எழுதி வெப்பேன், அந்த அம்மிணி சரிபாத்து ஓரத்துல இனிஷியல் போடணும், போட்டுருச்சு. நானும் சரி, அடங்கிருச்சுன்னு நெனச்சேன். இனிஷியலுக்குப் பக்கத்துல சில தேதிக்கு மட்டும் பென்சில்ல ரவ்வூண்டு பொட்டு இருந்துச்சு. பாத்தேன். ஈ உக்காந்த கறைன்னு நெனச்சேன்.

பதினேழு பொட்டுங்களா? நீங்க எண்ணினீங்களா?

பதினேழு தேதியிலயும் நான் எழுதினது நாப்பத்து ரெண்டு புள்ளி சொச்சம்தான், வேற எதுவும் இல்லைங்கறீங்க. ஒண்ணு கூட நாப்பத்தொண்ணு இல்லை. ம்.

இந்த ஃபேன் வேகமே வர மாட்டேங்குதுங்க. கொஞ்சம் இப்படித் தள்ளி உக்காருங்க.

ஏனுங்க மேடம், நீங்க ஒரு தடவையாவது மேலாபீஸ் கேள்வி வாங்கியிருக்கீங்களா? வாங்கியிருக்க மாட்டீங்க. நான் வாங்கியிருக்கேன். அந்த ஒரு நாள் போகன்னு சொன்னேன்ல, அந்த ஒரு நாள். தொண்ணூறாம் வருஷம், நான் பொறுப்பு எடுத்து மொத மே மாசம். நாப்பத்து மூணு புள்ளி நாலு. படிச்சதை எழுதினேன், எழுதினதை அனுப்பினேன். நாலாம் நாள் தந்தி வருது, விளக்கம் கொடுன்னு. அடுத்த வாரம் ஜீப்புல ஆபீசரே வந்து எறங்கிட்டாரு. ஆபீசுல இருந்த எல்லாரையும், வாட்ச்மேன் முதக்கொண்டு, பெட்டிக்கு முன்னால வரிசையா நிக்க வெச்சாரு. என்னைப் படிக்கச் சொன்னாரு. படிச்சேன். மறுக்கா படின்னாரு. அஞ்சு தடவை. அஞ்சு தடவையும் ஒண்ணுதான் சொன்னேன். 'கண்ணு தெரியலைன்னா எருமை மேய்க்கப் போக வேண்டியதுதான, இங்க எதுக்கு வந்தே'ன்னாரு. வாட்ச்மேன் சிரிச்சான். கருவிய எடுத்துட்டுப் போய்ச் சோதிச்சாங்க. ரெண்டு மாசம் கழிச்சு ஒரு வரி வந்துச்சு, கருவி சரியாக உள்ளதுன்னு. அப்ப என்ற கண்ணும் சரியாத்தான இருந்திருக்கும்? அதைப் பத்தி ஒரு எழுத்து இல்லை.

அந்த வாட்ச்மேன் சாகற வரைக்கும் என்னைப் பாத்தா ஒரு மாதிரி வாயை வெச்சுக்குவான்.

அதுக்கு அடுத்த மே வந்துச்சு. நாப்பத்து மூணு புள்ளி ஒண்ணு. பெட்டி முன்னால நிக்கறேன், பொடனியில வேர்த்து முதுகுல ஓடுது. கைநோட்டுல நாப்பத்து ரெண்டு புள்ளி ஒம்போதுன்னு எழுதினேன். ரெண்டே ரெண்டு புள்ளிதானுங்க மேடம். ரெண்டு புள்ளியில என்ன குடி முழுகிப் போகுதுன்னு நெனச்சேன். ஒரு கேள்வியும் வரலை. ராத்திரி நல்லாத் தூங்கினேன்.

அப்பறம் பழகிப் போச்சு. அவ்வளவுதான். நாப்பத்து மூணு வந்தா நாப்பத்து ரெண்டு சொச்சத்துக்கு இறக்கிருவேன். மத்ததைத் தொட மாட்டேன், சாமி சத்தியமாத் தொட மாட்டேன். மழையில ஒரு துளி கூட்டினது இல்லை, குறைச்சது இல்லை. காலையில எடுக்கற குளிர் ரீடிங்கை எல்லாம் நீங்க கண்ணை மூடிட்டு எடுத்துக்கலாம்.

அப்படி எத்தனை நாளுன்னு கேட்டா நான் எங்க போறதுங்க? வருஷத்துக்கு ஆறு இருக்கும், எட்டு இருக்கும். தொண்ணூத்தெட்டுல எச்சு. சரி, ஒண்ணு பண்ணலாமா? நாப்பத்து ரெண்டு சொச்சம் இருக்கற தேதியெல்லாம் ஒரு லிஸ்ட் போட்டுக் குடுங்க. நான் ஒரு வாரத்துல உக்காந்து, எது எதுக்கு எவ்வளவு வந்திருக்கும்னு போட்டுத் தந்தர்றேன். நல்ல கையெழுத்துல. அடித்தல் இல்லாம.

ஏன் அப்படிப் பாக்கறீங்க?

பையை எதுக்கு எடுக்கறீங்க மேடம்? பஸ்ஸு நாலரைக்குத்தான், இன்னும் முக்கால் மணி நேரம் இருக்குது. எந்திரிக்காதீங்க. நான் தப்பாச் சொல்லிட்டேனுங்களா? சரி பண்ணித்தானே தர்றேன்னு சொன்னேன்.

ஓ.

அதுதான் தப்புங்கறீங்க. மறுக்காவும் அதையேதான் பண்ணப் பாக்கறேங்கறீங்க. தெரியாததைத் தெரியாதுன்னு சொன்னாப் போதும், 'இங்க நாப்பத்து மூணுக்கு மேல, எவ்வளவுன்னு தெரியாது'ன்னு உங்க கம்ப்யூட்டர்ல அதுக்கு ஒரு வழி இருக்குதுங்கறீங்க. அது எனக்குத் தெரியாதுங்க. எங்களுக்குக் கட்டத்துல ஒரு நம்பர் இருந்தே ஆகணும். காலியா உட்டா அதுக்கும் ஒரு கேள்வி வரும்.

அப்ப நெசமாவே அந்தப் பதினேழு பொட்டு இல்லைன்னா உங்களுக்கு எம்மேல சந்தேகமே வந்திருக்காது. அந்த அம்மிணி பழி வாங்கிருச்சு பாத்தீங்களா. இருபது வருஷம் கழிச்சு. நீங்க போய்ப் பாத்தீங்களா அவங்களை? எங்க, மார்த்தாண்டத்துலயா? என்னைப் பத்தி என்ன சொல்லுச்சு? பரவாயில்லை, சொல்லுங்க. திருடன்னு சொல்லியிருக்கும். பொய்யன்னு சொல்லியிருக்கும். மெமோவை எடுத்துக் காட்டியிருக்கும். சொல்லுங்க மேடம், எனக்கு இந்த வயசுல என்ன வந்துரப் போகுது.

மெமோவைப் பத்திப் பேசவே இல்லீங்களா?

என்ன, மறுக்காச் சொல்லுங்க. 'சென்னியப்பன் சார் மாதிரி தெர்மாமீட்டர் படிக்கறவங்களை நான் பாத்ததே இல்லை, அவர் கண்ணுல ஒரு புள்ளி தப்பாது, அதனால அன்னைக்கு எவ்வளவுன்னு அவரைக் கேளுங்க, அவருக்குத் தெரியும்.' இப்படியேவா சொல்லுச்சு? இதே வார்த்தையா?

தண்ணி எடுத்துக்கறேன், இருங்க.

அம்மிணி, உன்னை அம்மிணின்னு கூப்பிடலாமில்ல? என்ற சின்னப் பொண்ணு வயசுதான் உனக்கு. இத்தனை வருஷம் இந்தக் கண்ணைப் பத்தி ஒருத்தரும் ஒண்ணும் சொன்னதில்லை. எருமை மேய்க்கப் போன்னாங்க. அதுக்கப்பறம் கையெழுத்து நல்லா இருக்குதுன்னு லெட்டர் போட்டாங்க. கண்ணைப் பத்திச் சொன்னது அந்தப் பொண்ணு ஒருத்திதான். அதுவும் நான் பண்ணினதுக்குப் பொறகு.

அந்தப் பொண்ணு உதறலை.

எழுதிக்க. உதறலை. அன்னைக்கு அஞ்சரைக்குப் படிச்சுட்டு, உதறாமப் பெட்டியச் சாத்திட்டு வந்து, 'சார், நீங்க வந்து பாருங்க, நீங்க பாத்ததுக்கு அப்பறம்தான் உதறுவேன்'னு சொல்லுச்சு. நான் போகலை. தபால் பாக்கற மாதிரி கால் மணி நேரம் உக்காந்திருந்தேன். அதுவாச் சலிச்சுப் போய் உதறிரட்டும்னு பாத்தேன். அது திரும்பிப் போய்ப் பெட்டிக்கு முன்னால நின்னுக்குச்சு. அந்த வெக்கையில, தலையில முந்தானையப் போட்டுட்டு, கால் மணி நேரம் காவல் நின்னுச்சு. அப்பறம் நான் போனேன். அது ஒதுங்கி நின்னுச்சு. நான் பெட்டியத் தெறந்து, குனிஞ்சு, கண்ணை நேரா வெச்சுப் பாத்தேன்.

நாப்பத்து நாலு புள்ளி எட்டு. முடி பிசகலை. நாப்பத்தஞ்சுக் கோட்டுக்குக் கீழ மயிரிழை. இன்னைக்கும் கண்ணை மூடினா அந்தப் பாதரசம் நிக்கற இடம் தெரியுது. மனசுல என்ன வந்துச்சு தெரியுமா? அந்த ஜீப்பு வந்து நிக்கற சத்தம் கேட்டுச்சு. நெசமாவே கேட்டுச்சு. எடுத்தேன், உதறினேன். ஒரே உதறுதான். அந்தப் பொண்ணு பாத்துட்டே நின்னுச்சு. 'நீ ஏன் உதறினே'ன்னு நான் அதைப் பாத்துக் கேட்டேன். நான் உதறிப் போட்டு, கையில கருவிய வெச்சுட்டு, அதைப் பாத்துக் கேட்டேன் அம்மிணி.

அது என்னைப் பாத்துச்சு, அந்தத் தெர்மாமீட்டரைப் பாத்துச்சு, உள்ள போயிருச்சு. அன்னைக்கு அது கத்தியிருந்தா நான் ஒருவேளை ஒத்துக்கிட்டிருப்பேன். அதுவும் பொய்யாக்கூட இருக்கலாம். எனக்கே மனசு பொக்குனு போச்சு, ஆனா ரிப்போர்ட் எழுதறதை நான் நிறுத்தலை. அன்னைக்கே எழுதினேன்.

அந்த மெமோவால அதுக்குப் பிரமோஷன் போச்சுங்களா? அதே வேலையிலயே ரிட்டையர் ஆச்சா. ம். இந்தப் பேப்பர் போனா அந்த மெமோவை ரத்துப் பண்ணுவாங்களா? உனக்குத் தெரியாதுங்கற. அது உன்ற ஆபீஸ் வேலை இல்லை, சரிதான். ஒரு காப்பி எடுத்து மார்த்தாண்டத்துக்கு அனுப்பு. நான் அனுப்பினா பிரிச்சுப் பாக்காமப் போட்டிரும். நீ அனுப்பு.

பேப்பரைக் குடு. பேனா இருக்குது, என்ற பேனாவுலதான் எழுதுவேன்.

தேதி போட்டாச்சு. கருவியில் இருந்தது நாப்பத்து நாலு புள்ளி எட்டு. ரிஜிஸ்டரில் எழுதியது நாப்பத்து ரெண்டு புள்ளி ஆறு. உதறியது நான். புஷ்பலீலா உதறவில்லை. இதைத் தனி வரியாப் போட்டிருக்கேன், உங்க கம்ப்யூட்டருக்குத் தேவைப்படாது, இருந்தாலும் இருக்கட்டும். அப்பறம் இங்க, தொண்ணூத்தொண்ணு முதல் ரெண்டாயிரத்து எட்டு வரைக்கும் நாப்பத்து மூணும் அதுக்கு மேலயும் வந்ததை எல்லாம் குறைத்து எழுதினேன், எத்தனை நாள், எவ்வளவு என்று எனக்கு ஞாபகம் இல்லைன்னு எழுதியிருக்கேன். 'ஞாபகம் இல்லை'ன்னு என்ற கையில எழுதறது இதான் மொதத் தடவை அம்மிணி. பாரு, எழுத்தே கோணலா வந்திருச்சு.

கீழ 'காரணம்'னு போட்டு ஒரு கோடு உட்டிருக்கே. கருவிக் கோளாறுன்னு எழுதப் போயிருச்சு கை, இப்பக்கூட. 'க' வரைக்கும் போட்டுட்டேன். அடிச்சுட்டேன். அடிச்சு, பக்கத்துல 'பயம்'னு எழுதியிருக்கேன். ஆராய்ச்சிக்கு இது ஆகுமா, இல்லை வேற ஏதாச்சும் நல்ல வார்த்தையாப் போடணுமா?